பார்த்துப்போட்டுத்தான் கையெழுத்து

வங்கியிலிருந்து யாராவது தோட்டத்துக்கு வந்தால் எங்கள் பக்கம் ஒரு வழக்கம் உண்டு. நேராகச் சாளைக்கு, அதாவது தோட்டத்து வீட்டுக்கு, வருவார்கள். கயிற்றுக் கட்டிலில் உட்காருவார்கள். இளநீர் குடிப்பார்கள். சிட்டாவைப் புரட்டிவிட்டு, வரப்பில் நின்று ஒரு போட்டோ எடுத்துக்கொண்டு கிளம்பிவிடுவார்கள். வங்கியிலிருந்து அந்தம்மா முதல் நாள் வந்தபோது என்னைத் தாண்டி, நான் நீட்டிய இளநீரையும் தாண்டி, கிணற்று மேட்டுக்குப் போய் உள்ளே எட்டிப் பார்த்துக்கொண்டு நின்றார்.

"எளனி குடிச்சுப்போட்டுப் பாக்கலாமுங்க மேடம்" என்றேன்.

"பாத்துப்போட்டுக் குடிக்கறனுங்ண்ணா. மொதல்ல எளனி குடிச்சுட்டா அப்பறம் கெணத்துல தண்ணி நெறையாத் தெரியுமுங்க."

எனக்குச் சுருக்கென்றது. நான் கொஞ்சம் முன்கோபி. சோலார் மோட்டாருக்குக் கடன் கேட்டுப் போனவன்தான், இல்லை என்று சொல்லவில்லை. அதற்காக என் தோட்டத்தில் நின்று என்னையே குத்திக் காட்டலாமா? ஆனால் அவர் முகத்தில் குத்தல் எதுவும் இல்லை. மழை வருமா என்று கேட்பது போலச் சாதாரணமாகத்தான் சொன்னார்.

எங்கள் வங்கிக் கிளையில் விவசாயக் கடன் பார்க்கும் அலுவலர் அவர். நாற்பது வயதைத் தொட்டிருப்பார். அவிநாசிப் பக்கம் பிறந்தவர் என்று பேச்சிலேயே தெரியும். நூல் சேலை, அதற்குக் கீழே கேன்வாஸ் ஷூ. பழைய ஸ்கூட்டரில் கால் வைக்கிற இடத்தில் ஒரு கயிற்றுச் சுருள் கிடக்கும், நுனியில் கல் கட்டியிருக்கும். முழத்துக்கு ஒரு முடிச்சு. கிணற்றில் தண்ணீர் எவ்வளவு என்று காகிதத்தில் எழுதியிருந்தாலும், கயிற்றை விட்டுப் பார்க்காமல் அந்தம்மா ஒரு எழுத்து எழுத மாட்டார். எதைக் கேட்டாலும் ஒரே பதில்தான்: "பாத்துப்போட்டுச் சொல்றனுங்க."

பக்கத்து ஊரில் நடந்த கறவை மாட்டுக் கதையை இன்றைக்கும் டீக்கடையில் சொல்லிச் சிரிப்பார்கள். ஒருத்தர் ஏற்கனவே வாங்கிய கடனில் மாடு வாங்கவே இல்லை. அந்தம்மா பார்க்க வருகிறார் என்று தெரிந்ததும் தன் அண்ணன் வீட்டு மாட்டைப் பிடித்து வந்து தன் கொட்டகையில் கட்டிவிட்டார். மாட்டுக்குக் கழுத்துமணி, நெற்றியில் குங்குமம் என்று அலங்காரம் வேறு. அந்தம்மா சுற்றிச் சுற்றி வந்து பார்த்தார். நல்ல மாடு என்று தட்டியும் கொடுத்தார். பிறகு ஒரு சொம்பை எடுத்து நீட்டி, "ஒரு கை கறந்து காட்டுங்க பாக்கலாம்" என்றார். மடியில் கை வைத்த மாத்திரத்தில் விழுந்த உதையில் சொம்பு ஒரு பக்கம், அவர் ஒரு பக்கம். அந்தம்மா அவரைத் தூக்கி உட்கார வைத்து, தண்ணீர் கொடுத்து, "மாட்ட ஓட்டிட்டுப் போயி அண்ணங்கிட்டக் குடுத்துருங்க. ஒரு மாசத்துல உங்க மாடு வரட்டும், அப்ப வாறேன்" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார். மேலிடத்துக்கு எழுதிப் போடவில்லை. அந்த ஆள் அடுத்த மாதமே மாடு வாங்கினார்.

இந்தக் கதை தெரிந்தும் நான் அவரிடம் வாய் கொடுத்து மாட்டிக்கொண்டேன். எனக்கு ஏழரைக் குதிரைத்திறன் மோட்டார் வேண்டும் என்று எழுதிக் கொடுத்திருந்தேன். என் கிணற்றுக்கு அது தேவையா என்று நான் யோசிக்கவே இல்லை. என் பங்காளி தன் சம்பந்தி தோட்டத்தில் ஏழரை ஓடுகிறது என்று ஒரு தடவை பெருமை பேசினான். அது போதாதா?

"ஏழரை ஓட்டற அளவுக்குத் தண்ணி இருக்குதுங்களா?"

"மேலயும் கீழயும் பாக்காதீங்க மேடம். இது எங்கப்பன் வெட்டுன கெணறு. வத்துனதே இல்லீங்க."

"சரீங்க. நாளைக்கு டீசல் இன்ஜின ஓட்டுங்க. நான் உக்காந்து பாக்கறேன்."

காலையில் எட்டு மணிக்குக் குடையும் தயிர்சாதமுமாக வந்துவிட்டார். கிணற்று மேட்டில் சாக்கை விரித்து உட்கார்ந்தார். நான் இன்ஜினை ஓட்டினேன். அவர் கயிற்றை விட்டார், முடிச்சை எண்ணினார், ஏதோ எழுதினார். பத்தரை மணிக்கெல்லாம் கிணறு வற்றி இன்ஜின் காற்றை இழுத்தது. எனக்கு முகத்தில் ஈயாடவில்லை. அவர் அங்கேயே உட்கார்ந்திருந்தார். தண்ணீர் பழைய அளவுக்கு ஊறி வருகிறவரை எழுந்திருக்கப் போவதில்லை என்றார். மதியம் என் மனைவி சாப்பிடக் கூப்பிட்டதற்குத் தயிர்சாதத்தைக் காட்டினார். பொழுதோடு நான்கு மணிக்கு மேல்தான் எழுந்தார்.

"அஞ்சு போதுமுங்ண்ணா. உங்க கெணறு நல்ல கெணறு. ஆனா நெதானமாக் குடுக்கற கெணறு. ஏழரையக் கொண்டாந்து மாட்டுனீங்கன்னா ரெண்டு மணி நேரத்துல உறிஞ்சிப்போட்டு மீதி நாள் பூரா வெயில்ல சும்மா நிக்குமுங்க. சும்மா நிக்கறதுக்கு எதுக்குங்க கடன்?"

கேட்டதைவிடக் குறைத்துக் கொடுக்கிற வங்கி அலுவலரை நான் அதற்கு முன் பார்த்ததில்லை. ஊரெல்லாம் "ஏழரை கேட்டானாம், அஞ்சுதான் கெடச்சுதாம்" என்று ஆகிவிட்டது. என் மானம் போனது. ஆனால் ஐந்து வந்த பிறகு ஒரு நாள்கூடக் கிணறு வற்றி மோட்டார் நடுவில் நின்றதில்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

பேனல் வைக்கிற இடத்திலும் இதே கூத்துதான். கம்பெனிப் பையன்கள் வந்து மேற்கு மூலையில், பாறைத் திட்டுக்குப் பக்கத்தில் அடையாளம் போட்டுவிட்டுப் போயிருந்தார்கள். அங்கே ஒன்றும் விளையாது, அதனால் எனக்கும் சந்தோஷம். விளைகிற மண்ணில் கண்ணாடியை நட எந்த விவசாயிக்கு மனசு வரும்? அந்தம்மா காலையில் ஒரு தடவை வந்தார், மாலையில் ஒரு தடவை வந்தார். தென்னை நிழல் எங்கே விழுகிறது என்று பார்த்துச் சுண்ணாம்புத் தூளால் கோடு போட்டார். பாதி நாள் நிழல் அங்கேதான் கிடந்தது. அதோடு விட்டாரா? ஷூ நுனியால் எதையோ புரட்டி, "ஏனுங்ண்ணா, இது எத்தன நாளாச்சு?" என்றார். யானை லத்தி. மலையிலிருந்து இறங்குகிற கொம்பன் வழக்கமாக அந்த மூலை வழியாகத்தான் எங்கள் தோப்புக்குள் வருவான். எனக்குத் தெரியாதா? தெரியும். நல்ல மண் மிச்சமாகிறதே என்ற ஆசையில் மறந்து தொலைத்திருந்தேன்.

கடைசியில் கிணற்றுக்குப் பக்கத்தில், வெங்காயம் போடுகிற நல்ல மண்ணில் ஒரு துண்டைக் கொடுத்தேன். மனசே இல்லாமல்தான். என் மனைவிதான், "வெங்காயத்துக்குத் தண்ணி வேணுமில்லீங்க? தண்ணி வரோணும்னா எடங் குடுத்துத்தானுங்க ஆகோணும்" என்று முடித்து வைத்தாள்.

இதெல்லாம் சின்ன விஷயம். பெரிய விஷயம் இன்னொன்று.

எங்கள் பக்கம் தோட்டத்து மோட்டாருக்கு மின்சாரம் இலவசம். ஆனால் அந்த இணைப்பு கையில் கிடைக்க, பதிவு செய்துவிட்டு வரிசையில் காத்திருக்க வேண்டும். என் அப்பாவும் பங்காளியின் அப்பாவும் ஒரே மொபெட்டில் போய், ஒரே நாளில், அடுத்தடுத்துப் பதிவு செய்தார்கள். அவருக்கு முன் எண், எங்களுக்கு அடுத்த எண். அந்த ரசீது எங்கள் வீட்டில் பத்திரப் பெட்டியில் பத்திரத்துக்கு மேலேயே இருக்கும். எனக்குப் பெண் பார்க்கப் போனபோது தோட்டம் எவ்வளவு, தென்னை எத்தனை என்று சொல்லிவிட்டு, "கரண்டுக்கும் பதிஞ்சாச்சுங்க" என்று அப்பா ஒரு சொத்தைப் போலச் சொன்னார். என் மனைவி அதைச் சொல்லிக் காட்டாத வருஷம் இல்லை. "கரண்டு வருது வருதுன்னு சொல்லித்தான் என்னையக் கட்டிக்கிட்டு வந்தீங்க. மக பொறந்து காலேசுக்கே போயிட்டா. கரண்டு இன்னும் பஸ்ஸுலதானுங்க வந்துட்டிருக்குது." அப்பா போய்ச் சேர்ந்த பிறகு பதிவை என் பேருக்கு மாற்றினேன். வரிசை நகர்ந்ததாகத் தெரியவில்லை. நான் கேனைத் தூக்கிக்கொண்டு டீசலுக்கு அலைந்தேன்.

சோலார் மோட்டாருக்கு மானியம் உண்டு. மானியம் போக மீதிக்குத்தான் வங்கிக் கடன். நான் விண்ணப்பித்த சமயத்தில் அதற்கு ஒரு நிபந்தனை இருந்தது. இலவச மின்சார வரிசையில் எனக்குள்ள இடம் வேண்டாம் என்று எழுதிக் கொடுத்துவிட வேண்டும்.

காகிதம் கைக்கு வந்தபோதுதான் எனக்கு உறைத்தது. அப்பாவின் காத்திருப்பை நான் ஒரு கையெழுத்தில் முடிக்க வேண்டும். ஒரு வாரம் எழுதாமல் இழுத்தேன். பங்காளி வேறு, "ஏப்பா, பெரியவங்க புடிச்சு வெச்ச எடம். உட்டுப்போடாதே" என்றான். கடைசியில் வங்கிக்குப் போய் அந்தம்மாவிடமே கேட்டேன்.

"நீங்க என்னுங்க மேடம் சொல்றீங்க?"

அதைச் சொல்வது அவர் வேலை இல்லை. எழுதிக் கொடுத்தால் கடன், இல்லையென்றால் இல்லை என்று சொல்லிவிட்டு அடுத்த ஆளைக் கூப்பிட்டிருக்கலாம். "ரெண்டு நாள் பொறுங்க, பாத்துப்போட்டுச் சொல்றேன்" என்றார். சொன்னபடி மூன்றாம் நாள் தோட்டத்துக்கு வந்தார். மின்சார அலுவலகத்துக்கே நேரில் போய், பதிவேட்டில் என் எண்ணையும் அப்போது இணைப்பு கொடுத்துக்கொண்டிருந்த எண்ணையும் பார்த்துவிட்டு வந்திருந்தார்.

"எங் கண்ணுல பாத்துப்போட்டுத்தானுங்க வாறேன். ரொம்பத் தொலவுல இருக்குதுங்ண்ணா. இப்பப் போற வேகத்துல போனா உங்களுக்குப் பேரன் பொறந்து பள்ளிக்கூடம் போயிருவான். நானா இருந்தா எழுதிக் குடுத்துருவனுங்க."

எழுதிக் கொடுத்தேன்.

அதன் பிறகு வந்த நாட்களைப் பற்றிக் குறை சொன்னால் என் நாக்கு அழுகிவிடும். சூரியன் ஏறும்போது மோட்டாரும் தானாக ஏறும். டீசல் நாற்றம் இல்லை, கேன் இல்லை, இன்ஜினோடு மல்லுக்கட்டுவது இல்லை. ஆளே பக்கத்தில் நிற்க வேண்டியதில்லை. வெங்காயம், வாழை எல்லாம் மினுமினுவென்று வந்தன. யார் தோட்டத்துக்கு வந்தாலும் பேனலைக் காட்டாமல் அனுப்ப மாட்டேன். பங்காளியைக் கூப்பிட்டு இரண்டு தடவை காட்டினேன். அவன் டீசல் கேனோடு போகும்போது வேலியோரம் நின்று நலம் விசாரிப்பதில் எனக்கு ஒரு தனி ருசி இருந்தது.

இரண்டு வருஷம் ஆகியிருக்கும். யாரும் எதிர்பார்க்கவில்லை, வரிசையில் காத்திருந்தவர்களுக்கு ஒரே மூச்சாக இணைப்பு கொடுக்க ஆரம்பித்தார்கள். எங்கள் ஊர்ச் சாலையில் கம்பங்களை இறக்கினார்கள். பங்காளி தோட்டத்தில் குழி தோண்டினார்கள். கம்பி இழுத்து, பெட்டி வைத்து, ஒரு வெள்ளிக்கிழமை காலையில் அவன் மோட்டாருக்குப் பூசை போட்டுப் பொத்தானை அழுத்தினான். எனக்கும் பொங்கலும் சுண்டலும் கொடுத்தான். அவன் எண்ணுக்கு அடுத்த எண் என்னுடையது. அந்தக் கம்பத்திலிருந்து என் கிணறு நூறு அடிகூட இருக்காது. பொங்கலைப் பாதியில் மடித்து வைத்தேன்.

"என்னப்பா பண்றது, கொஞ்சம் அவசரப்பட்டுட்டே" என்றான் பங்காளி. நல்ல எண்ணத்தில்தான் சொன்னான்.

அந்த வருஷம் ஆடியில் மலையை மேகம் கவிந்து மூடிக்கொண்டது. எங்கள் பக்கம் ஆடிச் சாரல் முகத்தை நனைக்கும், மண்ணை நனைக்காது. காற்றோ மண்ணில் இருக்கிற ஈரத்தையும் குடித்துவிடும். வெயில் இல்லாத மோட்டார் முனகிக்கொண்டு கையளவு தண்ணீர் தள்ளியது. அதற்கு முந்தைய ஆடியில் வாழை சின்னக் கன்று, கையளவே போதுமாக இருந்தது. இப்போதோ ஆயிரம் வாழை குலை தள்ளுகிற சமயம். பத்து நாள் பார்த்தேன். இலை ஓரம் சுருள ஆரம்பித்தது. கிணற்றில் தண்ணீர் இருக்கிறது, மேலே ஏற்ற வழி இல்லை. வேறு போக்கில்லாமல் பங்காளி வீட்டுப் படியேறினேன்.

"தண்ணிதானப்பா, எடுத்துக்கோ" என்று சொல்லிவிட்டான். காசு கேட்டிருந்தால்கூட எனக்குப் பாரம் குறைந்திருக்கும். அவன் மோட்டாரிலிருந்து வேலியைத் தாண்டி என் வாழைக்கு ஒரு நீலக் குழாய் வந்தது. அதைத் தாண்டிப் போகும்போதெல்லாம் எனக்கு அந்தம்மாவின் முகம்தான் நினைவுக்கு வந்தது. நினைவுக்கு வரும்போதெல்லாம் கோபமும் வந்தது.

அந்த வாரத்திலேயே ஒரு நாள் சாரலில் நனைந்துகொண்டு ஸ்கூட்டரில் வந்து இறங்கினார்.

என் மனைவி பதறிப்போய், "தவணையெல்லாம் கட்டியாச்சுங்களே மேடம்" என்றாள்.

"தவணைக்கு வரலீங்க்கா. உங்க பக்கமெல்லாம் கரண்டு குடுத்துட்டாங்கன்னு சொன்னாங்க. சும்மா பாத்துப்போட்டுப் போலாம்னு வந்தேன்."

யாரிடமும் எதுவும் கேட்கவில்லை. நீலக் குழாய் கண்ணில் பட்டது. அதன் ஓரமாகவே நடந்து வேலி வரைக்கும் போனார். பங்காளியின் மோட்டார் கொட்டகையைப் பார்த்தார். திரும்பி வந்து வாழை இலையைக் கையில் பிடித்துப் பார்த்தார். பிறகு கிணற்று மேட்டுக்குப் போனார். அங்கே டீசல் இன்ஜின் இருந்த சிமெண்டுத் திட்டில் நான்கு போல்ட்டுகள் மட்டும் துருப்பிடித்து நின்றன. அதையும் பார்த்தார். பேனல் மாட்டிய அன்றைக்கே அவர் என்னிடம் சொல்லியிருந்தார், "இன்ஜின வித்துப்போடாதீங்க, மூட்டம் போட்ட நாளைக்கு ஒதவும்" என்று. நான் அடுத்த மாதமே பழைய இரும்புக்காரரை வரச்சொல்லி எடைக்குப் போட்டுவிட்டேன். அந்தச் சனியன் தோட்டத்தை விட்டுப் போவதைப் பார்க்க எனக்கு அவ்வளவு ஆசை.

அவர் அந்தத் திட்டைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. என் எதிரே வந்து நின்றார். முந்தானை நுனியிலிருந்து தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது.

"அவிங்க நம்பருக்கு அடுத்த நம்பர்தானுங்க உங்களுது?"

"ஆமாங்க."

"நாஞ் சொன்னதுனாலதானுங்களே எழுதிக் குடுத்தீங்க?"

ஏழரை கேட்டு ஐந்து கிடைத்தது, பங்காளி வீட்டுப் பொங்கல், நீலக் குழாய் எல்லாம் சேர்ந்துகொண்டு என் வாயில் வந்து நின்றன.

"ஆமாங்க. நீங்க சொல்லித்தான்" என்றேன்.

அவர் தலையை ஆட்டினார். "அன்னைக்கு இருந்த வரிசையத்தானுங்ண்ணா நான் பாத்தேன். நாளைக்கு என்ன ஆகும்னு எங்க போயிப் பாக்கறதுன்னு எனக்குத் தெரியலீங்க. ஆனா வாயத் தொறந்து சொன்னது நாந்தானுங்க. தப்பு எம் மேலதான்."

அப்போதாவது நான் ஏதாவது சொல்லியிருக்கலாம். வாழைக் குலையைப் பார்ப்பது போல முகத்தைத் திருப்பிக்கொண்டேன். என் மனைவி காப்பி வைக்க உள்ளே ஓடினாள். அவள் வெளியே வருவதற்குள் ஸ்கூட்டர் மண் ரோட்டில் இறங்கிவிட்டது. காப்பியோடு நின்றவள் என்னைப் பார்த்த பார்வையை நான் மறக்க மாட்டேன். "டீசலுக்கு அலைய முடியலேன்னு எழுதிக் குடுத்தது நீங்க. இன்ஜின வித்தது நீங்க. அந்தப் புள்ளைய எதுக்குங்க நெனைய உட்டு அனுப்புனீங்க?" என்றாள்.

அவள் சொன்னது அத்தனையும் நிஜம். அந்தம்மா வேண்டாம் என்று சொல்லியிருந்தாலும் நான் எழுதிக் கொடுத்திருப்பேன். அந்தக் காகிதத்தைக் கையில் வைத்துக்கொண்டு நான் தேடியது யோசனையை அல்ல, நாளைக்குப் பழி போட ஓர் ஆளை. கண்ணில் பார்த்ததை மட்டும் நம்புகிறவர் என்று தெரிந்தே, பார்க்க முடியாத ஒன்றைப் பற்றி அவரிடம் போய்க் கேட்டேன்.

அவர் வந்து போன எட்டாம் நாள் மேகம் விலகியது. மோட்டார் பழையபடி ஏறியது. வாழை பிழைத்துக்கொண்டது. குலை வெட்டி முடித்துக் கொஞ்சம் கையில் காசு பார்த்த பிறகு, ஒரு சீப்பு பழத்தைப் பையில் போட்டுக்கொண்டு வங்கிக்குப் போனேன். அவர் மேசையில் ஒரு தம்பி உட்கார்ந்திருந்தார். மேடத்துக்கு மாற்றல் ஆகிவிட்டது, தருமபுரிப் பக்கம் எங்கேயோ என்றார். நல்ல தம்பிதான். தோட்டத்தை போனில் போட்டோ எடுத்து அனுப்பினாலே போதும், நேரில் வர வேண்டிய வேலை இல்லை என்றார். பழத்தை அவரிடமே கொடுத்துவிட்டு வந்தேன்.

அந்த மோட்டார் என் கிணற்றுக்கு வருவதற்குள் எத்தனையோ பேர் கையெழுத்துப் போட்டார்கள். விண்ணப்பம் எழுதியவர், மானியம் ஒதுக்கியவர், பேனல் மாட்டியவர், போட்டோ எடுத்தவர். மேகம் மூடிய அந்த ஆடியில் என் வாழை என்ன ஆயிற்று என்று பார்க்க வந்தது ஒரே ஒருவர்தான். எல்லார் மேலும் இருந்த கோபத்தை நான் இறக்கி வைத்தது அவர் தலையில்.